இரவில் யார் எழுப்புவது: தரவுத்தளத் தொழிலின் போக்கும் வன்னியிலிருந்து அதைச் செய்பவரின் நாளும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்தபடி தூர தேசத்து நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது இன்று நடைமுறையில் உள்ள தொழில். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பம்பைமடுவில் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. கணினி படித்தவர் கொழும்புக்குப் போய் அறை எடுத்துத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை தளர்ந்திருக்கிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்களும் அவர்களது வீட்டாரும் கேட்பவை இரண்டு கேள்விகள். இந்த வேலை இன்னும் பத்து வருடத்துக்கு இருக்குமா? இரவில் நித்திரை கொள்ள விடுமா?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தரவுத்தள நிர்வாகியின் பகல் வேலைகளில் பலவற்றைத் தானியங்கி முறைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியிருப்பது ஏதாவது பிழைக்கும்போது மீட்டெடுக்கும் பொறுப்பு. அந்தப் பிழை நடு இரவில் தொலைபேசியாக வருமா, காலையில் பார்க்க வேண்டிய ஒரு வரியாக வருமா என்பது பக்கப் (காப்புப் பிரதி), எச்சரிக்கை, டிஸ்க், ஒப்பந்தம் ஆகியவற்றைப் பகலில் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நித்திரை கெடுவதைத் தொழிலின் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலும் அது அமைப்பில் உள்ள குறை, திருத்தக்கூடிய குறை.

எது போனது, எது மிஞ்சியது

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கொட் 1970இல், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். 1979இல் ஒரக்கிள் நிறுவனம் அந்த மாதிரியில் அமைந்த தன் தரவுத்தளத்தின் முதல் வணிகப் பதிப்பை வெளியிட்டது. அதற்குப் பின் நீண்ட காலம் நிர்வாகியின் நாள் சேர்வர் நிறுவுவது, திருத்தப் பொதிகளை ஏற்றுவது, டிஸ்க்குக்கு இடம் ஒதுக்குவது, இரவு பக்கப்பைப் பார்ப்பது என்று போனது. 2009இல் அமேசன், தரவுத்தளத்தை வாடகைக்கு நடத்தித் தரும் ஆர்.டி.எஸ். சேவையைத் தொடங்கியபோது இவற்றில் பெரும்பகுதி ஒரு இணையப் பக்கத்தில் சில தெரிவுகளாகச் சுருங்கியது. 2017இல் ஒரக்கிள் தன்னைத்தானே பராமரிக்கும் தரவுத்தளத்தை அறிவித்தது. இரண்டு முறையும் இந்தத் தொழில் முடிந்தது என்று பேசப்பட்டது. தொழில் முடியவில்லை, அதன் எடை இடம் மாறியது.

ஆர்.டி.எஸ். தானாக எடுக்கும் பக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைத்திருக்கும். தரவுத்தளத்தையே அழிக்கும்போது, வைத்திரு என்று தெரிவு செய்யாவிட்டால், அந்தப் பக்கப்புகளும் சேர்ந்து போகும். இரண்டு இடத்தில் பிரதி ஓடுவதால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் உண்டு. இயந்திரம் பழுதானால் அது உதவும். ஒருவர் நிபந்தனை வரி போட மறந்து அழிப்புக் கட்டளை கொடுத்தால், அந்த அழிவும் நொடியில் மற்றப் பிரதிக்குப் போய்விடும். பக்கப்பிலிருந்து மீட்டால் பழைய சேர்வர் திரும்பி வராது. புதிய முகவரியோடு புதிய ஒன்று எழும், செயலிகளை அதற்குத் திருப்ப வேண்டும். தரவு பின்னணியில் மெல்ல மெல்லத்தான் இறங்குவதால் முதல் மணிகளில் எல்லாக் குவெரியும் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியும்) இழுபடும். இவற்றை முன்கூட்டியே செய்து பார்த்தவர் இல்லாத நிறுவனம், கிளவுட்டில் (இணையவழி வாடகைச் சேர்வரில்) இருந்தாலும் பாதுகாப்பில் இல்லை.

இன்னொரு மாற்றம் காசு. சொந்தச் சேர்வரில் மோசமாக எழுதிய குவெரி வேகத்தைத்தான் குறைத்தது. கிளவுட்டில் அது மாதக் கட்டணமாக வந்து நிற்கிறது. சரியான இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டி) ஒன்றைப் போட்டு இயந்திரத்தின் அளவைப் பாதியாக்குகிறவரின் மதிப்பை முதலாளிக்கு விளக்கத் தேவையில்லை, பில் விளக்கிவிடும்.

எதைக் கற்பது என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் என்பதே நேர் விடை. 2023இல் ஸ்டாக் ஓவர்ஃபுளோ நடத்திய நிரலாளர் கணக்கெடுப்பில் அது இன்னொரு தரவுத்தள மென்பொருளான மை எஸ்.கியூ.எல்.லை முந்தியது. பெரிய தரவு நிறுவனங்களான டேட்டாபிரிக்ஸ் 2025 மே மாதத்தில் நியோனையும், ஸ்னோஃபிளேக் அடுத்த மாதம் கிரஞ்சி டேட்டாவையும் வாங்கின. வாங்கப்பட்ட இரண்டும் போஸ்ட்கிரெஸ் நிறுவனங்கள். கொரோனாக் காலத்தில் இலங்கைச் சுகாதாரத் துறை பயன்படுத்திய, பின்னர் வேறு நாடுகளும் எடுத்துக்கொண்ட டி.எச்.ஐ.எஸ். 2 கண்காணிப்பு முறைக்கு அடியில் இருப்பதும் போஸ்ட்கிரெஸ்தான். உரிமக் கட்டணம் இல்லாததால் பழைய லப்டொப்பிலேயே முழுவதையும் பழகலாம்.

உள்ளூர் வேலைக்கு மைக்ரோசொஃப்ட் எஸ்.கியூ.எல். சேர்வரும் தெரிந்திருக்க வேண்டும். கடைக் கணக்கு மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அதன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு ஓடுகிறது. 2022 வரையான அந்தப் பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும் நாளில் பில் போட முடியாமல் கடை நிற்கும். 2025 பதிப்பில் எல்லை 50 ஜிபி. எக்ஸ்பிரஸில் நேர அட்டவணை முகவர் இல்லை, ஆகவே பக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில்தான் போட வேண்டும். இதை அறியாமல் வருடக்கணக்காகப் பக்கப்பே இல்லாமல் ஓடும் கடைகள் உண்டு. பரந்தனிலோ மாங்குளத்திலோ பத்துக் கடைகளுக்கு இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து கொடுப்பதே மரியாதையான பகல் தொழில்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. குவெரி எழுதத் தெரியாதவரும் இன்று குவெரி எழுதுவிக்கிறார். அதனால் தரவுத்தளங்களின் தொகையும் அவற்றில் சேரும் குழப்பமும் கூடுகின்றன. 2025 ஜூலையில், செயலிகளை எழுத உதவும் ரெப்லிற் தளத்தின் நுண்ணறிவு முகவர் ஒன்று, மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் நேரடித் தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. முகவருக்குக் கொடுக்க வேண்டியது வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் பெயர், அதுவும் ரெப்ளிக்காவில் (முதன்மைச் சேர்வரைப் பின்பற்றி ஓடும் பிரதியில்), ஒரு குவெரிக்கு 30 விநாடி எல்லையோடு. உரிமையாளர் கடவுச்சொல்லை ஒருநாளும் கொடுக்கக் கூடாது. இந்த வேலியைப் போடத் தெரிந்தவரின் தேவை குறையப் போவதில்லை.

நடு இரவு அழைப்புகளின் மூலம்

போஸ்ட்கிரெஸ் ஓடும் இடங்களில் இரவுத் தொலைபேசிக்குத் திரும்பத் திரும்பக் காரணமாவது டிஸ்க் நிரம்புதல். அது தரவு கூடியதால் நிரம்புவது அரிது. வோல் எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்புகள் ஒவ்வொன்றும் 16 எம்பி. அவை பக்கப் சேமிப்பகத்துக்கு நகல் ஆனால்தான் பழையவற்றைச் சேர்வர் அப்புறப்படுத்தும். சேமிப்பகத்தின் கடவுச்சாவி காலாவதியானாலோ, எப்போதோ நின்றுபோன ரெப்ளிக்காவுக்காகக் கோப்புகளைப் பிடித்து வைக்கும் இடம் (ஸ்லொட்) நீக்கப்படாமல் கிடந்தாலோ கோப்புகள் குவியத் தொடங்கும். நிமிடத்துக்கு 20 கோப்பு எழுதும் சேர்வரில் அது 320 எம்பி. 50 ஜிபி டிஸ்க்கில் 80 சதவீதம் நிரம்பி 10 ஜிபி மிச்சம் இருக்குமானால், அது 32 நிமிடத்தில் முடிந்துவிடும். நிரம்பியதும் தரவுத்தளம் நிற்கும். அந்த வேளையில் அரைத் தூக்கத்தில் எழும்புகிறவர் செய்யும் மிகக் கேடான செயல், வோல் அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிப்பது. அழித்தால் தரவுத்தளம் திரும்ப எழும்பாமலே போகலாம்.

தடுப்பு முறை எளிது. 5 ஜிபி இடத்தைப் பிடித்து வைக்கும் கோப்பு ஒன்றை அதே டிஸ்க்கில் முன்கூட்டியே போட்டு வைத்தால், நெருக்கடியில் அதை அழித்து மூச்சுவிடலாம். ரெப்ளிக்காவுக்காகச் சேர்த்து வைக்கும் வோல் அளவுக்கு உச்ச வரம்பு போடும் வசதி 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, அதைப் போட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், எச்சரிக்கையைச் சதவீதத்தில் வைக்காமல் நேரத்தில் வைப்பது. 2 டிபி டிஸ்க்கில் 80 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி இருக்கிறது. நாளுக்கு 1 ஜிபி வளர்ந்தால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும், அதற்கு ஒருவரை எழுப்புவது அநியாயம். "இந்த வேகத்தில் போனால் 4 மணி நேரத்துக்குள் நிரம்பும்" என்பதே எழுப்பத் தகுந்த செய்தி. கடைசி வோல் கோப்பு சேமிப்பகம் சேர்ந்து 15 நிமிடம் கடந்துவிட்டது என்பது அதற்கும் முன்னே வரும் நல்ல செய்தி. சிபியு 90 சதவீதம் என்பது எவரையும் எழுப்பக் கூடாது.

அடுத்தது மெதுவாக வருவது. ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் மாற்றங்களின் தொகுதியே ட்ரான்சக்ஷன். போஸ்ட்கிரெஸ், எழுதும் ஒவ்வொரு ட்ரான்சக்‌ஷனுக்கும் 32 பிட் இலக்கம் கொடுக்கிறது. ஏறத்தாழ 200 கோடி இலக்கத்துக்குள் பழைய வரிசைகளை வெக்கியூம் என்ற துப்புரவு வேலை உறைய வைத்திருக்க (நிரந்தரமாகப் பழையவை என்று குறித்திருக்க) வேண்டும். இல்லாவிட்டால் தரவைக் காப்பாற்றுவதற்காகச் சேர்வர் எழுதுவதை நிறுத்திவிடும். மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை 2019 பெப்ரவரியில் இப்படித்தான் ஏறத்தாழ 40 மணி நேரம் தடைப்பட்டது. தானியங்கி வெக்கியூம் 20 கோடியில் இந்த வேலையைத் தொடங்கும். நாட்கணக்காகத் திறந்து கிடக்கும் ட்ரான்சக்‌ஷனோ கைவிடப்பட்ட ரெப்ளிக்கா இடமோ அதை முடிக்க விடாது. 50 கோடியில் பகல் வேலையாக ஒரு குறிப்பு, 100 கோடியில் அழைப்பு என்று வைத்தால், இந்தக் காரணத்துக்காக இரவில் எழும்ப வேண்டி வராது. மாதக்கணக்கில் அவகாசம் தரும் பிரச்சினை இது.

மூன்றாவது, டேபிளை மற்றவர் தொடாமல் தடுக்கும் பூட்டுக்காகக் காத்து நிற்கும் வரிசை. ஒரு டேபிளுக்குப் புதிய நிரல் (கொலம்) சேர்க்கும் கட்டளை சில மில்லி விநாடியில் முடியக் கூடியது. அதே டேபிளில் 20 நிமிட அறிக்கைக் குவெரி ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை காத்து நிற்கும். அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு சாதாரண வாசிப்பும் சேர்ந்து காத்து நிற்கும். முன்னிருப்பாக 100 தொடர்புகள்தான் அனுமதி, அவை நிரம்பியதும் முழுச் செயலியும் விழும். பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை 3 விநாடி என்று வரையறுத்து, கிடைக்காவிட்டால் விலகித் திரும்ப முயலும்படி எழுதினால் போதும்.

பக்கப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு: கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் ரெப்ளிக்காவின் அடைவைத் துடைப்பதாக எண்ணி முதன்மைச் சேர்வரின் அடைவைத் துடைத்தார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. அதன்பின்தான் பக்கப்புகளின் நிலை வெளிப்பட்டது. நாளாந்தப் பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6. ஆகவே ஒவ்வொரு நாளும் அது தோல்வியடைந்திருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைச் சரிபார்ப்பு விதி தடுத்துவிட்டது. சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்னர் ஒருவர் கையால் எடுத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது, தொழிலுக்குச் செய்த பெரிய உதவி அது.

நமது நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச கிளவுட், தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. இணைப்பில் இருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது, அந்தக் காலத்துக்கு இணைப்பில்லாத பிரதி இருக்கவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதியோடு, அதில் ஒன்றையாவது சேர்வரின் கடவுச்சொல்லால் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

மீட்புப் பயிற்சியை மாதம் ஒரு தடவை வேறொரு புதிய இயந்திரத்தில் செய்ய வேண்டும். குறிக்க வேண்டியவை: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மீண்ட தரவில் கடைசிப் பதிவின் நேரம், முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கை. 500 ஜிபி தரவு விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் இறங்க 83 நிமிடம் ஆகும், அதற்கு மேல் வோல் கோப்புகளை ஓட்டும் நேரம். இதைக் கணக்குப் பார்க்காமல் ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், பொய்யான வாக்குறுதிக்கு விலையாக ஒருவரது இரவு போகும்.

கரண்ட் போனால் ரொறன்ரோவில் என்ன நடக்கும்

வன்னியிலிருந்து வேலை செய்பவருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. லப்டொப்பிலிருந்து நேரே தரவுத்தளத்தோடு இணைந்து ஒரு ட்ரான்சக்‌ஷனைத் திறந்து, சில வரிசைகளை மாற்றி, உறுதிசெய்யாமல் இருக்கும் வேளையில் இங்கே கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால், அங்குள்ள சேர்வருக்கு அது தெரியாது. லினக்ஸின் முன்னிருப்பில் 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பின்னரே மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சேர்வர் விசாரிக்கும். அதுவரை அந்த வரிசைகள் பூட்டுப்பட்டுக் கிடக்கும். சேர்வர் பக்கத்தில் விசாரிப்பு இடைவெளியை 60 விநாடியாகக் குறைப்பதும், திறந்தபடி சும்மா நிற்கும் ட்ரான்சக்‌ஷனை 5 நிமிடத்தில் வெட்டும் அமைப்பைப் போடுவதும் கட்டாயம். நீண்ட வேலைகளை அங்குள்ள இடைச் சேர்வரில் டீமக்ஸ் அமர்வுக்குள் ஓட்ட வேண்டும். இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும், திரும்ப இணைந்து விட்ட இடத்தில் பார்க்கலாம். பூட்டாமல் இன்டெக்ஸ் கட்டும் வேலை நடுவில் முறிந்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அது வாசிப்புக்கு உதவாது, எழுதுவதை மட்டும் தாமதப்படுத்தும். தேடி நீக்கிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

தரவை வீட்டுக்கு இறக்குவது எந்த நிலையிலும் சரியல்ல. 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 500 ஜிபி இறங்க 55 மணி நேரம் ஆகும் என்பது ஒரு காரணம். வாடிக்கையாளரின் ஆட்களுடைய விபரங்கள் வீட்டு லப்டொப்பில் கிடப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கும், நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய விடயம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மின்சாரக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றறியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம், 600. இன்வேட்டரில் இழப்பு 15 சதவீதம் போனால் 510. லப்டொப் 60 வாட், ரவுட்டர் 15 வாட் என்றால் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய ஓடும். 50 வாட் மின்விசிறியையும் சேர்த்தால் நாலு மணி நேரம்தான், வன்னி வெயிலில் விசிறி இல்லாமல் இருப்பது எளிதல்ல. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு பற்றறி போதாது, சோலர் தகடு வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் தனியாக மினி யூபிஎஸ் போடுவது மலிவான முதல் படி. ஐப்பசி இடி மின்னலில் ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் மின் அடப்டர் வழியாக அடி இறங்கும். வானம் முழங்கினால் அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு யூபிஎஸ் பற்றறியில் ஓட்டுவதே பாதுகாப்பு.

இரண்டாவது இணைப்பு வேறு நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். அதுவும் போதாத நாட்கள் உண்டு. கோபுரங்களின் பற்றறியும் சில மணி நேரத்தில் தீரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாகவே போயின. ஆகவே தரவுத்தளத்தைப் பார்க்கும் இரண்டாம் ஆள் வேறு ஊரில், முடிந்தால் வேறு மாகாணத்தில் இருக்க வேண்டும். இதை ஒளிக்காமல் வாடிக்கையாளரிடம் முன்னரே சொல்லி, பதில் ஏற்பாட்டையும் காட்டுபவரைத்தான் நம்புவார்கள்.

மணிக்கூட்டைத் தெரிவு செய்தல்

இந்தத் தொழிலில் நேர வித்தியாசத்தைத் தொல்லையாகவே பலர் பார்க்கிறார்கள். தரவுத்தளப் பராமரிப்பைப் பொறுத்தவரை அதுதான் வன்னிக்காரரின் கைமுதல். பெரிய மாற்றங்களை வாடிக்கையாளரின் இரவில்தான் செய்ய வேண்டும், அவர்களது இரவு நமது பகல். ரொறன்ரோ, நியூயோர்க் நேரம் கோடையில் நம்மைவிட 9.30 மணி நேரம் பின்னால், குளிர் காலத்தில் 10.30. அங்கே இரவு 11 மணிக்குத் தொடங்கும் பதிப்பு ஏற்றம் கோடையில் இங்கே காலை 8.30. தெளிந்த தலையோடு, தேநீர் குடித்துவிட்டு அமர்ந்து செய்யலாம். அங்குள்ள பொறியியலாளர் அதே வேலையைக் கண் எரிய எரியச் செய்ய வேண்டியிருக்கும்.

மறுபக்கம், அவர்களது பணிநேரம் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது இங்கே கோடையில் மாலை 6.30 முதல் நள்ளிரவு கடந்து 2.30 வரை, குளிர் காலத்தில் இன்னும் ஒரு மணி பிந்தி. அந்த நேரத்துச் சுமைக்குப் பொறுப்பேற்றால் இரவு போய்விடும். எனவே வட அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பராமரிப்பு வேலையை ஏற்று, பணிநேர அழைப்பை அங்குள்ளவரிடம் விடுவதே நல்ல பிரிப்பு. காலை 7.30 முதல் 11.30 வரை, பின்னர் மாலை 5.30 முதல் 8.30 வரை என்று நாளை இரண்டாகப் பிரித்தால், அவர்களது காலைக் கூட்டத்திலும் சேரலாம், உச்சி வெயிலில் ஓய்வும் எடுக்கலாம். இப்படிப் பிரித்த நாளின் கேடு, இடைவெளி மெல்ல மெல்ல வேலையால் நிரம்புவது. வீட்டில் இருப்பவருக்கு வேலை இல்லை என்று நினைத்துச் செத்தவீடு, வங்கி, பிரதேச செயலகம் எல்லாவற்றுக்கும் அவரையே அனுப்புவதும் நடக்கும். மணி நேரத்தை எழுதி ஒட்டி வீட்டாருக்கும் சொல்வது நல்லது.

இலண்டன் பணிநேரம் கோடையில் இங்கே பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. நாள் நன்றாக இருக்கும், ஆனால் அவர்களது நள்ளிரவுப் பராமரிப்பு இங்கே விடியற்காலை நித்திரையில் கை வைக்கும். சிட்னியின் காலை 9 மணி இங்கே விடிய 4.30, அங்கு கோடையாகும்போது 3.30. பேர்த் என்றால் காலை 6.30, குடும்பக்காரருக்கு மிக வசதி. சம்பளத்தைக் கேட்பதற்கு முன் மணிக்கூட்டைக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் கூட்ட நேரங்கள் குழம்பும். சேர்வர் அமெரிக்க உள்ளூர் நேரத்தில் ஓடினால் அந்த மார்ச் இரண்டாம் ஞாயிறு விடியற்காலை 2.30 மணிக்குப் போட்ட பக்கப் ஓடாமலே போகலாம், ஏனென்றால் அங்கே அன்றைக்கு 2.30 என்ற நேரமே இல்லை. எல்லாச் சேர்வரையும் உலகப் பொது நேரத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

நாட்காட்டியும் அப்படியே. அவர்களது வெள்ளி இரவு நமது சனி காலை. பராமரிப்பெல்லாம் வார இறுதியில் விழுந்தால், பிள்ளைகள் வீட்டில் நிற்கும் நாளில் பெற்றவர் திரைக்கு முன்னால் இருப்பார். செவ்வாய், புதன் இரவுகளில் செய்யக்கூடிய மாற்றங்களை அங்கே நகர்த்தக் கேட்க வேண்டும், பெரும்பாலான வேலைகள் நகரும். தைப்பொங்கலும், வற்றாப்பளை அம்மன் பொங்கலும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவும் ரொறன்ரோ மேலாளரின் நாட்காட்டியில் தாமாக வரமாட்டா. வருடத் தொடக்கத்திலேயே பொறுப்பு அட்டவணையில் குறித்துக் கொடுக்க வேண்டும்.

உடம்பு, முறை, ஒப்பந்தம்

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவருடைய அளவுக்கு இறங்கும் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 24 மணி நேரத்தில் அது 0.10 ஆகும். இலங்கையில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007 முதல் இரவுச் சுழற்சி வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதும் பட்டியலில் வைத்திருக்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்பது அதே அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. எனவே இரவு அழைப்பில் செய்ய வேண்டியது சேவையை நிறுத்தாமல் காப்பது மட்டுமே. அழித்தல், பதிப்பு மாற்றம், தரவு திருத்தம் எல்லாம் விடிந்த பின், இரண்டாம் ஆள் கட்டளையை வாசித்துச் சரி என்ற பின். முதன்மைச் சேர்வரின் கட்டளைத் திரையைச் சிவப்பு நிறத்தில் வைப்பது ஐந்து நிமிட வேலை, கிற்லாப்புக்கு நடந்ததைத் தடுக்கக்கூடிய வேலை.

ஒரே இடத்திலிருந்து 24 மணி நேரமும் பொறுப்பேற்கக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்பது கூகுள் தன் பொறியியலாளர்களுக்கு வைத்த கணக்கு. 12 மணி நேரப் பொறுப்பு முறைக்கு (ஷிஃப்டுக்கு) இரண்டு சம்பவத்துக்கு மேல் வந்தால் அமைப்பைத் திருத்த வேண்டும் என்பதும் அவர்களது அளவு. சிறு நிறுவனங்கள் ஒருவரை வைத்து இதே வேலையை எதிர்பார்க்கின்றன. அதை ஏற்கக் கூடாது.

நமது நாட்டில் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வாரம் 45 மணி நேரம் எல்லை, வருட விடுமுறை 14 நாள், அமய விடுமுறை 7 நாள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தனி ஒப்பந்தக்காரராக வேலை செய்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவுஸ்திரேலியா 2024 ஓகஸ்ட்டில் கொண்டுவந்த, வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையும் அந்நாட்டு ஊழியருக்கானது, மல்லாவியில் இருக்கும் ஒப்பந்தக்காரருக்கு எட்டாது. ஆகவே விலை சொல்லும்போது தொழில்தருநரின் 15 சதவீதத்தையும் விடுமுறை நாட்களையும் அதில் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கும் 15 சதவீதம் வரை வரி உண்டு, அதையும் சேர்க்க வேண்டும். அழைப்புக்காகக் காத்திருக்கும் மணிக்கு ஒரு கட்டணம், அழைத்தால் வேறு கட்டணம் என்று பிரித்து எழுத வேண்டும். இரவு அழைப்புக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தால், தேவையற்ற எச்சரிக்கைகளை நீக்க வாடிக்கையாளரே முன்வருவார்.

இவற்றையெல்லாம் தனியொருவர் பேரம் பேசிப் பெறுவது கடினம். கிளிநொச்சியில் இருவர், வவுனியாவில் இருவர், மன்னாரில் ஒருவர், கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஒருவர் என்று சேர்ந்து, வாடிக்கையாளர்களைப் பொதுவில் ஏற்கும் சிறு குழுதான் வன்னிக்கு ஏற்ற வடிவம். அவர்களுக்கிடையே கடவுச்சொற்கள் பொதுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும், ஒருவரின் தலையில் அல்ல. பொறுப்பு முறை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும்போது ஐந்து வரிக் குறிப்பு: என்ன ஓடிக்கொண்டிருக்கிறது, எது பாதியில், எந்த எச்சரிக்கை வந்தது, எதைத் தொடக் கூடாது, யாரை அழைப்பது. மீட்பு முறையைப் படிப்படியாக எழுதி வைத்து, மாதப் பயிற்சியை அதை எழுதாத ஒருவர், எழுதியவரிடம் கேட்காமல் செய்ய வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்து வேலையும் அதுவாகவே இருக்கட்டும். எந்தப் படியில் அவர் தடைப்படுகிறாரோ அந்த வரியை அன்றைக்கே திருத்தி எழுத வேண்டும்.